யாழ்ப்பாணத்துப் பெண்களின் பழைய உடைகளை ஆராய்வது எப்படி? (1870–1930): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய குடும்பப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்தக் காலத்துப் படம் என்று கேட்பவர்களும், மேடை நாடகத்துக்கு உடை தேடுபவர்களும், பட்டப்படிப்பு ஆய்வுக்காகத் தகவல் திரட்டும் மாணவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளையே எழுப்புகின்றனர். அவற்றுள் திரும்பத் திரும்ப வருவன இங்கே விடைகளுடன் தரப்படுகின்றன.

ஏன் 1870 முதல் 1930 வரை என்ற எல்லை?

எழுத்துச் சான்றும் படச் சான்றும் ஒருங்கே கிடைக்கத் தொடங்குவது இக்காலத்திலேதான். அதற்கு முற்பட்ட காலத்துக்குப் பயணிகளின் குறிப்புகள், பாதிரிமாரின் கடிதங்கள், அவற்றோடு வெளியான செதுக்குப் படங்கள் ஆகியவையே பெரும்பாலும் துணை. மேலும், யாழ்ப்பாணத்துப் பெண்களின் உடை வேகமாக மாறிய காலமும் இதுவே. மிஷன் பாடசாலைகளில் படித்த பெண்களின் தொகை பெருகியது; 1880களின் பின் மலாயாவுக்கு உத்தியோகம் தேடிச் சென்றவர்களின் பணம் ஊருக்கு வந்தது; 1905 இல் புகையிரதப் பாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்தது. இம்மூன்றும் உடையில் தடம் பதித்துள்ளன.

எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வீட்டிலிருந்து. பெட்டகத்தின் அடியில் கிடக்கும் கூறைச்சேலை, சுவரில் தொங்கும் சட்டமிட்ட படம், அலுமாரியில் மடித்து வைத்த உறுதி (சொத்துப் பத்திரம்) ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் பற்றி அறியக்கூடிய அனைத்தையும் எழுதி வையுங்கள். யாருடையது, யார் வழியாக வந்தது, எந்த ஊர், எந்த வைபவம், யார் சொன்னது என்ற ஐந்தையும் பொருளோடு சேர்த்துப் பதிவு செய்யாத ஆய்வு ஒரு தலைமுறைக்குள் பயனற்றுப் போய்விடும். படத்தின் முன்புறத்தைப் படம்பிடிப்பதோடு நின்றுவிடாமல் பின்புறத்தையும் கட்டாயம் படம்பிடிக்க வேண்டும். நிழற்படப் பிடிப்பகத்தின் முத்திரையும் பென்சிலால் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும்.

பழைய படத்தின் காலத்தை எவ்வாறு கணிப்பது?

முதலில் படத்தின் உடலைப் பாருங்கள். ஏறத்தாழ 6.4 × 10 சென்ரிமீற்றர் அளவில் தடித்த அட்டையில் ஒட்டப்பட்ட சிறு படங்கள் 1860களில் உலகெங்கும் பரவியவை. ஏறத்தாழ 11 × 16.5 சென்ரிமீற்றர் அளவுள்ள பெரிய அட்டைப் படங்கள் அவற்றைத் தொடர்ந்து வந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருவழக்காயின. முட்டை வெண்கருவைப் பூசிய தாளில் எடுத்த படங்கள் மெல்லிய தாளில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமாகத் தோன்றும். 1890களிலிருந்து அவற்றின் இடத்தைப் பிடித்த ஜெலற்றின் தாள்களில் கருமையான பகுதிகள் காலப்போக்கில் வெள்ளிபோல் மினுங்கத் தொடங்கும். அஞ்சலட்டையாக அச்சிட்ட படத்தின் பின்புறம் செய்திக்கும் முகவரிக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், அது 20ஆம் நூற்றாண்டுக்குரியது. பிரித்தானியாவே அம்முறையை 1902 இல்தான் அனுமதித்தது.

அடுத்துப் பிடிப்பகத்தின் பெயரையும் ஊரையும் வாசியுங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் இருக்கும் படங்களில் பல கோலாலம்பூர், சிங்கப்பூர், பினாங்கு, தைப்பிங் போன்ற இடங்களில் எடுக்கப்பட்டவை. புகையிரத உத்தியோகத்தரின் மனைவி அங்கே உடுத்த உடையை, அதே ஆண்டில் ஊரிலிருந்த அவரது தங்கையின் உடையாகக் கொள்ள முடியாது.

மூன்றாவதாகத்தான் உடைக்கு வர வேண்டும், அதிலும் சேலையை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பட்டுச்சேலை தாயிடமிருந்து மகளுக்கு வருவது, நகையும் அவ்வாறே. 1880 இல் நெய்த சேலையை 1910 இல் பேத்தி உடுத்திப் படமெடுத்தால் சேலையை வைத்துக் கணித்தவர் முப்பது ஆண்டுகள் தவறிப்போவார். சட்டை அப்படியன்று. உடம்புக்கு அளவெடுத்துத் தைப்பதாலும், வியர்வையில் நைந்து போவதாலும் அது சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதாகத் தைக்கப்படும். தைக்கும்போது அன்றைய பாங்கையே கேட்பார்கள். ஆகவே காலத்தைச் சொல்வது சட்டையின் கையும் கழுத்துமே.

ஐரோப்பியப் பெண்களின் சட்டைக்கை 1880களில் ஒடுங்கியிருந்தது. 1890 அளவில் தோளில் சிறிது கூம்பி எழுந்தது. 1895 – 1896 இல் பெரும் பந்தாகப் பருத்தது. 1897 – 1898 இல் சடுதியாகச் சுருங்கியது. 1905 ஐ ஒட்டி அதன் புடைப்பு முழங்கைப் பக்கம் இறங்கியது. உயர்ந்த கழுத்துப்பட்டி 1890களிலும் 1900களிலும் வழக்கிலிருந்து, 1910களில் கழுத்துத் தாழ்ந்தது. 1920களில் கை குறுகிச் சட்டை தளர்ந்தது. மிஷன் ஆசிரியைகள் வாயிலாகவும் கொழும்புத் தையற்காரர் வாயிலாகவும் இப்பாங்குகள் யாழ்ப்பாணத்தை எட்டின. எனவே றேந்தை (லேஸ்) வைத்த உயர்கழுத்தும் புடைத்த தோளும் கொண்ட சட்டையைச் சேலையுடன் கண்டால், 1895 க்கு முன்னே போகத் தயங்க வேண்டும். எவ்வளவு காலம் பிந்தி வந்தது என்பது ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்; அதனால் ஐரோப்பிய ஆண்டைக் கீழெல்லையாக மட்டுமே கொள்ளுங்கள், மேலெல்லையாகக் கொள்ள வேண்டாம்.

இக்கணிப்பைச் சோதிக்க, ஆண்டு உறுதியாகத் தெரிந்த படங்களின் வரிசை ஒன்றை நீங்களே அமைத்துக்கொள்வது சிறந்தது. பாடசாலைக் குழுப் படங்களில் ஆண்டு எழுதியிருப்பதுண்டு. தேவாலயத்தில் நடந்த திருமணமாயின், படத்தைத் திருமணப் பதிவேட்டின் திகதியோடு பொருத்தலாம். அத்தகைய படங்கள் சிலவே கிடைத்தாலும் அவை அயலூர் நூல்களை விட மேலான அளவுகோலாகும்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை அறிய முடியுமா?

நேரடியாக முடியாது, பலர் எண்ணுவதற்கு மாறாக, படம் நிறத்தைப் பற்றித் தவறாகவே சொல்லும். 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியை அறவே குறைவாகவும் ஏற்றன. ஆதலால் அரக்குச் சிவப்புச் சேலை கரும் சேலையாகவும், மஞ்சள் நிறம் எதிர்பார்ப்பதை விட இருண்டதாகவும், வெளிர்நீலம் ஏறக்குறைய வெள்ளையாகவும் பதியும். எல்லா நிறங்களையும் ஏற்கும் தகடுகள் 1906 இல் விற்பனைக்கு வந்தபோதிலும் பிடிப்பகங்கள் பழைய வகையையே நெடுங்காலம் பயன்படுத்தின.

இதனால் விளையும் பெரும் பிழை விதவைக் கோலம் பற்றியது. படத்தில் வெண்மையாகத் தெரியும் சேலையைக் கண்டதும் அவர் கணவனை இழந்தவர் என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடுகிறார்கள். தாலிக்கொடி, தோடு, மூக்குத்தி, நெற்றி ஆகியவற்றைப் பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வர வேண்டும். கிறிஸ்தவக் குடும்பமாயின் நெற்றியும் சான்றாகாது. படத்தின் மேல் பின்னர் தீட்டிய வர்ணமும் பொன் பூச்சும் வர்ணம் தீட்டியவரின் கற்பனை என்பதையும் நினைவிற் கொள்க.

அக்காலத்தில் சேலையை எவ்வாறு உடுத்தனர்?

கொய்யகம், அதாவது சேலையின் கொசுவ மடிப்பு, எங்கே விழுகிறது என்பதே இங்கு முதலில் காண வேண்டியது. கொய்யகத்தைப் பின்புறம் விட்டு உடுக்கும் பழைய முறையும், முன்புறம் செருகித் தலைப்பை இடத்தோளில் விடும் முறையும் இக்காலத்தில் அருகருகே வழங்கின. முன்கொய்யகமும் உட்பாவாடையும் தைத்த சட்டையும் சேர்ந்த உடையமைப்பு இந்தியாவெங்கும் படித்த குடும்பங்களிடையே பரவிய ஒன்று. வங்காளத்துத் தாகூர் குடும்பத்து மருமகளான ஞானதாநந்தினி தேவி, 1860களில் பம்பாயில் பார்சிப் பெண்களிடம் கண்ட முறையைத் தழுவி அமைத்த உடை அதற்கு ஓர் ஊற்று. யாழ்ப்பாணத்தில் இப்புதுமுறை முதலில் ஆசிரியைகளிடத்தும் உத்தியோகத்தர் மனைவியரிடத்தும் காணப்படுகிறது. அதே வீட்டுப் பேத்தி முன்கொய்யகத்துடன் நிற்கப் பேத்தியின் அம்மம்மா பின்கொய்யகத்துடன் கதிரையில் இருப்பதை ஒரே படத்தில் காணலாம்.

கதிரையில் இருப்பவரின் கொய்யகத்தைப் படம் மறைத்துவிடும். நிற்பவர்களைக் கொண்டே முடிவு செய்யுங்கள். தோளில் ஊசி குத்தியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சீதன உறுதிகளால் என்ன பயன்?

நிழற்படத்தை விட நான் உயர்வாக மதிப்பது உறுதியையே. படத்துக்கு இரவல் நகை போடலாம். அயல்வீட்டுச் சேலையைக் கேட்டு வாங்கி உடுக்கலாம். உறுதியில் எழுதிய பொருள் கைமாறியாக வேண்டும், பெறுமதிக்கு முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும், நாளை வழக்கு வந்தால் நீதிமன்றில் நிற்க வேண்டும்.

பெண்ணின் சீதனம் யாழ்ப்பாணத்தில் சட்ட வலுவுள்ளது. ஒல்லாந்தரின் உத்தரவின்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, ஆங்கிலேயர் ஆட்சியில் 1806 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் உறுதிப்படுத்தப்பட்டது. 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கணவன் மனைவியரின் சொத்துரிமையை மாற்றியமைத்தது. ஆகவே 1911 க்கு முன்னும் பின்னும் எழுதிய உறுதிகளை ஒரே கண்ணால் வாசிக்கலாகாது. காணியின் எல்லைகளை நீளமாக விவரித்த பின் நகையைப் பற்றி ஓரிரு வரிகளே வரலாம். சிலவற்றில் மொத்தப் பெறுமதி மட்டும் இருக்கும். சிலவற்றில் அட்டியல், பதக்கம், காப்பு எனப் பெயர்கள் வரும். நாணயக் கணக்கும் காலத்தைக் காட்டும்: இறைசால் என்ற ஒல்லாந்தர் கால நாணயக் கணக்கு பழையது, ரூபாவும் சதமும் 1872 இல் நடைமுறைக்கு வந்தவை. பவுண் என்று நிறை குறித்திருந்தால் ஒரு பவுண் ஏறத்தாழ 8 கிராம்.

உறுதியின் மூலப்பிரதி வீட்டில் இல்லையாயின், எழுதிய நொத்தாரிசின் பெயரும் இலக்கமும் திகதியும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேட முடியும். இறந்தவரின் சொத்து நிருவாகத்துக்காக மாவட்ட நீதிமன்றத்தில் இடப்பட்ட வழக்குக் கோவைகளிலும் சொத்துப் பட்டியல் இணைக்கப்பட்டிருக்கும். நகைகளின் பெயர் விளங்காதபோது, கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் தலைமுறையாகத் தொழில் செய்யும் முதிய பொற்கொல்லரிடம் கேட்பது, அகராதியில் தேடுவதை விட விரைவில் பலன் தரும்.

மிஷன் ஆவணங்களை எவ்வளவு நம்பலாம்?

அவற்றில் விவரம் மிகுதி, நோக்கம் வேறு. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். ஹரியற் வின்ஸ்லோவின் பொறுப்பில் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. பிள்ளைகளைத் தாபரித்த அமெரிக்கக் கொடையாளிகளுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களில் பிள்ளைகளின் உடை, தையல் வகுப்பு, நகை பற்றிய குறிப்புகள் வருகின்றன. கொடையாளியின் மனத்தை இளக்க வேண்டிய கடிதத்தில், வந்தபோது பிள்ளை அரைகுறை உடையில் இருந்தாள், இப்போது ஒழுங்காக உடுக்கிறாள் என்று எழுதுவது ஒரு வாய்பாடு. இரண்டாம் பகுதியை ஏற்கலாம். முதற்பகுதியை வேறு சான்றின்றி ஏற்க வேண்டாம். மேரி, மார்கரெற் லீச் என்ற சகோதரிகள் 1890 இல் வெளியிட்ட யாழ்ப்பாண அனுபவ நூலின் படங்களையும் இதே எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மிஷனின் ஆவணங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்திலும், மெதடிஸ்த மிஷனின் ஆவணங்கள் இலண்டன் கீழைத்தேய ஆபிரிக்கக் கற்கைகள் பாடசாலையிலும், சேர்ச் மிஷனின் ஆவணங்கள் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. புலம்பெயர்ந்து அந்நாடுகளில் வாழும் நம்மவர் இவ்வேலையில் கைகொடுத்தால் ஊரிலிருப்பவர்களுக்குப் பெரும் உதவியாகும்.

சாதி பற்றிப் பேசாமல் உடையைப் பற்றி எழுதலாமா?

எழுதக் கூடாது. யாழ்ப்பாணத்தில் மேற்சட்டையும், தோளை மறைக்கும் சேலைத் தலைப்பும், பொன்னகையும் யார் அணியலாம் என்பது விருப்பத்தாலோ வசதியாலோ மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. ஆதிக்க சாதியினர், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அவற்றை அணிவதைத் தடுத்தனர், மீறியவர்கள் தண்டிக்கப்பட்டனர். மேற்சட்டையின்றி மார்புக்குக் குறுக்கே துணி கட்டிய குறுக்குக்கட்டோடு நிற்கும் ஒரு பெண்ணின் படத்தின் கீழே எளிய கிராமிய உடை என்று எழுதுபவர், தடையை இரசனையாக மாற்றிவிடுகிறார். சாதியின் பேரில் தடை விதிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல்தான் வந்தது என்பதை நினைத்தால், இன்று எண்பதைக் கடந்தவர்களில் பலர் இத்தடையின் கீழ் வாழ்ந்த தாய்மாரை நேரிற் கண்டவர்கள் என்பது புரியும்.

பிடிப்பகப் படங்களும் சீதன உறுதிகளும் காணியும் பணமும் உள்ளவர்களின் சான்றுகள். அவற்றை மட்டும் அடுக்கிவிட்டு யாழ்ப்பாணப் பெண்களின் உடை என்று தலைப்பிடுவது சரியன்று. எந்தக் குடும்பங்களின் உடை என்று தலைப்பிலேயே சொல்லிவிடலாம்.

தமிழ்ப் பெண் என்று குறித்த பழைய அஞ்சலட்டைகளைப் பயன்படுத்தலாமா?

பெரும் எச்சரிக்கையுடன் மட்டும். கொழும்பில் இயங்கிய ஸ்கீன், ஸ்கோவன், 1890 இல் தொடங்கிய பிளாற்றே போன்ற பிடிப்பகங்கள் பயணிகளுக்கு விற்பதற்காக அத்தகைய படங்களை எடுத்தன. அவற்றில் நிற்பவர் மலையகத் தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தமிழ்ப் பெண்ணாகவோ கொழும்பில் வாழ்ந்தவராகவோ இருக்கலாம். தமிழ் என்ற குறிப்பு யாழ்ப்பாணத்தைச் சுட்டாது. ஒரே நகைத் தொகுதி வெவ்வேறு பெண்களின் கழுத்தில் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்; வந்தால் அது பிடிப்பகத்தின் நகை.

துணியையும் சாயத்தையும் பார்த்து என்ன சொல்ல முடியும்?

ஓரளவு சொல்ல முடியும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிண்டியெடுத்த சாயவேர், படிகாரத்துடன் சேர்ந்து பருத்திக்கு நிலைத்த சிவப்பைத் தந்தது. ஒல்லாந்தர் அதைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பெற்றனர். இரசாயனச் சாயம் 1856 இல் ஊதா நிறத்துடன் தொடங்கியது. 1869 இலிருந்து செயற்கைச் சிவப்பும், 1897 இலிருந்து செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தன. செயற்கைப் பட்டு இங்கிலாந்தில் 1905 இல் வணிக அளவில் உற்பத்தியாயிற்று. நைலோன் 1930களின் இறுதியில் வந்தது. ஆகவே நைலோன் சேலையை 1910 ஆம் ஆண்டுக் கூறை என்று யாரேனும் காட்டினால் பணிவாக மறுக்கலாம். நூலை எரித்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. பழம்பொருளில் அதைச் செய்ய வேண்டாம்.

காந்தியின் வருகையால் உடையில் மாற்றம் ஏற்பட்டதா?

காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸார் கதரை ஆதரித்தனர். அதற்கு முன்னரே, ஆனந்த குமாரசுவாமி முன்னின்று 1905 இல் தொடங்கிய இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம், சிந்தியாது ஐரோப்பிய உடையை மேற்கொள்வதைக் கண்டித்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் நிறுவிய பெண்கள் கல்லூரியும் சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வி என்ற எண்ணத்தில் எழுந்ததே. 1927 ஐ மட்டும் திருப்புமுனையாகக் காட்டுவது மிகை.

பழைய பத்திரிகைகள் எங்கே கிடைக்கும்?

1841 இல் தொடங்கிய உதயதாரகை, 1889 இல் தொடங்கிய இந்து சாதனம், 1930 இல் தொடங்கிய ஈழகேசரி ஆகியவற்றின் செய்திகளை விட விளம்பரங்களே உங்களுக்குப் பயன்படும். புதிதாக வந்திறங்கிய துணி, தையல் இயந்திரம், நகைக்கடை ஆகியவற்றை அங்கே தேடுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டபோது ஈடுசெய்ய முடியாத தொகுப்புகள் அழிந்தன. இன்று இணையத்தில் நூலகம் நிறுவனத்தின் மின்தொகுப்பும், கொழும்பில் தேசியச் சுவடிக்கூடமும் முதலிற் செல்ல வேண்டிய இடங்கள்.

வீட்டிலுள்ள பழைய பட்டுச்சேலையை எப்படி வைத்திருப்பது?

சலவைக்குக் கொடுக்காதீர்கள், உடுத்திப் பார்க்கவும் வேண்டாம். 1870களுக்கும் 1930களுக்கும் இடையில் பட்டின் நிறையைக் கூட்டத் தகர உப்பு ஏற்றும் வழக்கம் இருந்தது. அத்தகைய பட்டு மடிப்புகளில் தானாகவே கிழியும். பலமுறை கழுவிக் கஞ்சி நீக்கிய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்புக்குள்ளும் அதே துணியைச் சுருட்டி வைத்து, சில மாதங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றுங்கள். பூச்சி உருண்டை துணியில் நேரே படக் கூடாது. பிளாஸ்ரிக் பைக்குள் ஈரம் தேங்கும்.

நாடகத்துக்கு அக்கால உடையைத் தயாரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சேலையின் நிறத்துக்கே பொருத்திய சட்டையைத் தவிருங்கள். வெள்ளைச் சட்டையோ வேற்று நிறச் சட்டையோ பெரும்பாலும் பொருந்தும். முதுகு திறந்த வெட்டு வேண்டாம். தெறிகள் முன்புறம் வரட்டும். எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே பாங்கில் உடுத்தாமல், முதியவளுக்கு இருபது ஆண்டுகள் முந்திய பாங்கைக் கொடுங்கள்.

முதியவர்களிடம் எவ்வாறு கேட்பது?

அந்தக் காலத்தில் என்ன உடுத்தீர்கள் என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே வரும். படத்தைக் கையில் கொடுத்து, இந்தச் சட்டையை யார் தைத்தது, துணி எந்தக் கடையில் வாங்கியது, கோயிலுக்கும் கிணற்றடிக்கும் உடுத்தது ஒன்றா வேறா என்று கேளுங்கள். எண்பத்தைந்து வயதுடைய ஒருவர் சொல்லக்கூடியது தம் இளமையையும் தாயின் கோலத்தையும் பற்றியே. 1890களைப் பற்றி அவர் சொல்வது கேள்வியறிவு என்று பிரித்து எழுதுங்கள். உடுத்தவர்களிடம் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தைத்தவர்களும், தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்த குடும்பத்தினரும், ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் எந்தத் துணி எத்தனை ஆண்டுகள் பாவனையில் இருந்தது என்பதை அறிந்தவர்கள். அவர்களை வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்காமல், அவர்கள் வீட்டுக்குச் சென்று, முறையாக இருந்து, பெயரைக் குறிப்பிடச் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள்.